மணி மாறும் ஞாயிறு

ஸ்ட்ராத்ஃபீல்ட்,
3 ஓகஸ்ட் 2025

அன்புள்ள தங்கச்சி தாட்சாவுக்கு,

அண்ணா அருந்தவன் எழுதுவது. நானும் ராஜியும் பிள்ளையும் சுகம். நேற்று ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போய் உனக்கும் வாசு மச்சானுக்கும் சேர்த்துப் பெருமாளிடம் மனுக் கொடுத்துவிட்டு வந்தோம்.

போனில் கதைத்தால் நீ குறுக்கே பாய்கிறாய், நான் கத்துகிறேன், பிறகு ஒரு மாதம் இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறோம். இனி எழுதித்தான் கதைப்பது என்று நீ சொன்னது நல்ல யோசனைதான். ராஜிக்குத்தான் சிரிப்பு அடங்கவில்லை. "கொம்பியூட்டரிலை வேலை செய்யிறவர் முத்திரை வாங்கத் தபால் கந்தோருக்குப் போறார்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள்.

பெரிய செய்தி, மார்ஸ்டன் பார்க்கில் வீடு பார்த்துவிட்டோம். பெரிய அடுப்பு வைத்த குசினி ராஜிக்குப் பிடித்துவிட்டது, ஆகவே எனக்கும் பிடித்துவிட்டது. முற்பணம் கொடுத்தாகிவிட்டது. கடைசிக் கையெழுத்து நவம்பரில். தை மாதம் பால் காய்ச்சிக் குடிபூரல். நீ ஒரு கிழமைக்கு முதலே வந்து நிற்கவேண்டும்.

கம்பனியில் ஒரு புது விளையாட்டுத் தொடங்கியிருக்கிறது. நாங்கள் வேலை செய்யும்போது கொம்பியூட்டர் திரையை அப்படியே படம் பிடிக்கிறார்கள். யார் என்ன செய்கிறோம் என்று ஆவணப்படுத்தவாம். நானும் தலையைச் சீவிக்கொண்டு போகிறேன், திரையில் என் முகம் விழாது என்று தெரிந்தும். பெரிய கம்பனிகளுக்குப் புத்தி சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் நீ, இதெல்லாம் எதற்கு என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

ஒக்டோபரில் மணி மாறும் ஞாயிறு வருகிறது. வழமைபோல எனக்கு நித்திரை இல்லை. உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இந்தக் கதையைச் சொன்னபோது நீயும் வாசுவும் எப்படிச் சிரித்தீர்கள்! வேலைத்தலத்தில் அடிபட்டு வீட்டில் இருக்கிறவர்களுக்குக் கிழமைக் காசு அனுப்பும் எங்கள் கம்பனி இயந்திரம் ஞாயிறு விடியப்புறம் இரண்டரைக்கு ஓடும். ஒக்டோபரில் கோடைகாலத்துக்காக மணியை இரண்டிலிருந்து மூன்றுக்குத் தள்ளும்போது அந்த இரண்டரையே இல்லாமல் போய்விடும், நான் எழும்பிக் கையால் ஓட்டவேண்டும். ஏப்ரலில் மூன்றிலிருந்து இரண்டுக்குப் பின்னுக்குத் தள்ளும்போது இரண்டரை இரண்டு தரம் வரும், ஒரு தரத்தை நான் நிறுத்தவேண்டும். விட்டால் எல்லாருக்கும் இரண்டு தரம் காசு போய், வங்கி எல்லாக் கணக்கையும் முடக்கிவிடும். மனேஜருக்குச் சொன்னேன், "பிறகு பார்ப்போம்" என்றார். அவர் போய்விட்டார், அவருக்குப் பிறகு வந்தவரும் போய்விட்டார், நான்தான் இருக்கிறேன். இப்போது உங்கள் இருவரைத் தவிர வேறு ஒருவருக்கும் இந்தக் கதை முழுதாகத் தெரியாது. உண்மையைச் சொன்னால் அந்த ஒரு மணித்தியாலம் எனக்கே சொந்தம் என்று ஒரு பெருமை.

வாசுவிடம் போனை எடுக்கச் சொல்லு. மூன்று தரம் அடித்தேன்.

அன்புடன்,
அண்ணா


கேரம் டவுன்ஸ்,
மெல்பேர்ன், 24 ஓகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள், அண்ணி, பிள்ளை எல்லாரும் சுகம் என்று அறிந்தது சந்தோசம். இங்கே குளிர் இன்னும் விட்டபாடில்லை.

வீட்டுச் செய்தி கேட்டு மகிழ்ச்சி. கடைசிக் கையெழுத்துக்கு அவசரப்படவேண்டாம் அண்ணா. அடுத்த வருடம் வட்டி குறையும் என்கிறார்கள். ஸ்ட்ராத்ஃபீல்டில் இன்னும் ஒரு வருடம் வாடகைக்கு இருந்தால் குறைந்தா போய்விடுவீர்கள்? அண்ணிக்கு நான் சொன்னதாகச் சொல்லவேண்டாம்.

எனக்கு வேலையில் புதிய பொறுப்பு ஒன்று தந்திருக்கிறார்கள். வேலை கூடிவிட்டது. அதனால் கடிதம் சுணங்கினால் குறை நினைக்கவேண்டாம்.

வாசு சுகம். வேலைக்குப் போய் வருகிறார். போனை எங்கேயாவது வைத்துவிட்டு மறந்துவிடுவார்.

அன்புத் தங்கை,
தாட்சாயினி


ஸ்ட்ராத்ஃபீல்ட்,
12 ஒக்டோபர் 2025

அன்புள்ள தாட்சா,

நாங்கள் சுகம். ராஜிக்கு மட்டும் முழங்கால் நோ, குசினிக்குத் தரை ஓடு தெரிவு செய்ய நடந்த நடையில் வந்தது. வட்டி குறையும் என்று நீ சொன்னதை அவளுக்குச் சொல்லவில்லை, சொன்னால் உன்னையும் என்னையும் சேர்த்து வறுத்துவிடுவாள்.

மணி மாறும் ஞாயிறு நல்லபடி போனது. ஒருவருக்கும் காசு தவறவில்லை.

கம்பனியில் கொழும்பிலிருந்து ஒரு குழு எங்களோடு சேர்ந்திருக்கிறது. "உதவிக்கு" என்கிறார்கள். தினமும் திரையில் வருகிறார்கள். சிவகௌரி என்று ஒரு பிள்ளை, வவுனியாவில் படித்தவள், நல்ல கெட்டிக்காரி. முதல் நாள் இங்கிலிஷில் பெரிதாக வணக்கம் சொல்லித் தொடங்கினவள், நடுவில் தடுமாறி, "ஓம் அங்கிள், விளங்கினது" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து அங்கிள்தான். பின்னேரக் குழுவுக்குப் பொறுப்பு பிரதீப்குமார், அவனும் எங்கள் பிள்ளைதான், ஆனால் கதை குறைவு.

உதவிக்கு வந்தவர்களுக்கு எதற்கு என் வேலை முழுவதும் தெரியவேண்டும் என்று பக்கத்துக் கதிரை ஆள் கேட்டார். எனக்கும் அது உறைக்காமல் இல்லை.

போன கிழமை ஒரு கேள்விக்கொத்து வந்தது. என்ன செய்வாய், எப்போது செய்வாய், எந்தப் புத்தகத்திலும் இல்லாமல் உன் தலையில் மட்டும் இருப்பது எது என்று கேட்டு நிரப்பச் சொல்லியிருக்கிறார்கள். நன்றாக யோசித்து எழுதிய கேள்விகள். பதினேழாவது கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். அதைப்பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அந்தக் கேள்விகளை எழுதியது மெல்பேர்னில் உள்ள ஓர் ஆலோசனை நிறுவனமாம். அங்கே யாரையாவது உனக்குத் தெரியுமா தாட்சா? தெரிந்தால் சொல்லு. நான் கோபிக்கமாட்டேன்.

வாசுவுக்கு இப்போதும் போன் மறதிதானா?

அன்புடன்,
அண்ணா


கேரம் டவுன்ஸ்,
30 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். உங்கள் சுகம் அறிய ஆவல். பதில் சுணங்கியதற்கு மன்னிக்கவும். கந்தசட்டிக்கு ஆறு நாளும் சிவா விஷ்ணு கோயிலுக்குப் போனேன், வாசுவும் வந்தார். சனம் நிரம்பி வழிந்தது. கார் நிறுத்த இடம் கிடைக்காமல் நடந்தே போனோம். அண்ணியின் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன், சூடாக்கிப் பூசச் சொல்லுங்கள்.

கடைசிக் கையெழுத்து வைத்தாயிற்றா? வைத்துவிட்டீர்கள் என்றால் சரி. இனி அதைப்பற்றி நான் கதைக்கவில்லை.

நல்ல காரியம் நடக்கப்போகிற வீடு. குடிபூரல் முடியட்டும் அண்ணா. பிறகு எல்லாம் ஆறுதலாகக் கதைப்போம்.

அன்புத் தங்கை,
தாட்சாயினி


ஸ்ட்ராத்ஃபீல்ட்,
9 டிசம்பர் 2025

அன்புள்ள தாட்சா,

நாங்கள் சுகம். தைலம் கிடைத்தது. வீடு முழுக்கக் கற்பூர மணம்.

கையெழுத்து நவம்பரிலேயே வைத்தாயிற்று. அதற்குப் பிறகுதான் எங்கள் எல்லாரையும் ஒரே திரையில் கூப்பிட்டார்கள். எங்கள் மாடி முழுவதற்கும் வேலை மார்ச் கடைசியோடு முடிகிறது. வேலை கொழும்புக்குப் போகிறது. சொன்ன பெண்ணுக்கு நல்ல குரல், பிள்ளையைத் தூங்கவைக்கிற மாதிரிச் சொன்னாள். கேள்விகள் கேட்கலாம் என்றாள். எல்லாருடைய ஒலியையும் அவளே அடைத்து வைத்திருந்தாள்.

ராஜிக்கு இன்னும் சொல்லவில்லை. குடிபூரல் முடியட்டும். நீ எழுதியதும் அதே சொல்தான், இல்லையா? அண்ணனும் தங்கையும் ஒரே பானைச் சோறு தின்று வளர்ந்தவர்கள்தானே.

ஞாயிறு பரமட்டாவில் தொழிற்சங்கம் கூட்டம் வைத்தது. வேலையை வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பனிகளுக்கு அரசாங்க ஒப்பந்தம் கிடைக்கவிடாமல் ஒரு சட்டம் வரப்போகிறதாம். அதைக் கொண்டுவரும் செனட்டர் மேடையில் நின்று எங்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது பக்கத்தில் நின்ற ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "மேட், நீ இந்தப் பக்கமா அந்தப் பக்கமா?" என்றார். பதாகை என் கையில் இருந்தது. அதைக் காட்டினேன். அவர் பதாகையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வேடிக்கையாக எழுதுகிறேன். அன்று வீட்டுக்குத் திரும்பியபோது வேடிக்கையாக இருக்கவில்லை.

அன்புடன்,
அண்ணா


கேரம் டவுன்ஸ்,
22 ஜனவரி 2026

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

பொங்கல் நல்லபடி நடந்திருக்கும் என்று நம்புகிறேன். நாங்கள் சுகம்.

குடிபூரலுக்கு என்னால் வரமுடியாது. வாசுவுக்குக் காய்ச்சல். குத்துவிளக்கு ஒன்று தனியாக அனுப்பியிருக்கிறேன், அதையே முதலில் ஏற்றுங்கள். நான் வந்தமாதிரி.

அண்ணி, கோபிக்கவேண்டாம்.

தாட்சாயினி


மார்ஸ்டன் பார்க்,
15 பெப்ரவரி 2026

அன்புள்ள தாட்சா,

புது வீட்டிலிருந்து முதல் கடிதம். உன் விளக்கைத்தான் முதலில் ஏற்றினோம். பால் நன்றாகப் பொங்கி அடுப்பை நனைத்தது. எல்லாரும் கைதட்டினார்கள். எல்லாரும் போன பிறகு ராஜிக்குச் சொன்னேன். அவள் அழவில்லை. கழுவிய பாத்திரங்களை எல்லாம் எடுத்து மறுபடி கழுவினாள். "தெரிஞ்சு வைச்சுக்கொண்டே பால் காய்ச்ச விட்டனீங்களோ?" என்று மட்டும் கேட்டாள். நல்ல காரியம் என்று பார்த்துத்தான் மூடி வைத்தேன் என்று சொன்னால், அது எனக்கே நியாயமாகப் படவில்லை.

இனி மூடி வைக்க ஒன்றும் இல்லை. ஆகவே பதினேழாவது கேள்வி.

"மணி மாறும் ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் கையால் செய்யும் வேலை ஏதும் உண்டா?"

உலகத்தில் அதைக் கேட்கத் தெரிந்தவர்கள் இருவர். ஒருவர் வாசு, அவர் இப்போது போனே எடுப்பதில்லை. நான் ஒக்டோபரிலேயே அறிந்துகொண்டேன் தாட்சா. நீயாகச் சொல்வாய் என்று பார்த்திருந்தேன். எத்தனை கடிதத்தில் கதவைத் திறந்து வைத்தேன், நீ வாசலில் நின்று தைலம் அனுப்பினாய்.

நான் என்ன பதில் எழுதினேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும், உன் மேசைக்குத்தானே வந்திருக்கும். "ஒன்றும் இல்லை, எல்லாம் தானாக நடக்கும்" என்று எழுதினேன். அது பொய் என்பதும் உனக்குத் தெரியும்.

மார்ச் தொடக்கத்தில் செனட் விசாரணைக்குழு என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறது. போகிறேன்.

அண்ணா


கேரம் டவுன்ஸ்,
23 பெப்ரவரி 2026

அண்ணா,

ஓம். நான்தான்.

ஓகஸ்டில் அந்தப் பொறுப்பைத் தரும்போது எந்தக் கம்பனி என்று சொல்லவில்லை. சொன்னபோது, வெளியே ஒரு சொல் போனால் வேலை போகும் என்று கையெழுத்து வாங்கிவிட்டுச் சொன்னார்கள். வீட்டுக் கையெழுத்தைப் பொறுக்கச் சொல்லி எழுதினேன், அதற்கு மேல் துணியவில்லை. பிறகு, முற்பணமும் கொடுத்து நாளும் பார்த்த வீட்டில் இந்தச் செய்தியை எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே ஒரு சாட்டுக் கண்டுபிடித்தேன்.

வாசுவைப்பற்றி நான் எழுதியதெல்லாம் பொய். அவருக்கு வேலை போய் இரண்டு வருடம். அவருடைய வேலையும் இப்படித்தான் போனது, அது பெங்களூருக்கு. இன்றைக்கும் காலையில் சேர்ட் போட்டுச் சாப்பாட்டுப் பையையும் எடுத்துக்கொண்டு வெளிக்கிடுகிறார். பிராங்ஸ்டன் கடற்கரையில் காரை நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே இருக்கிறார். பின்னேரம் வந்து, "இண்டைக்கு ரெயினிலை சரியான சனம்" என்கிறார். நான் தேத்தண்ணி கொடுக்கிறேன். அவருக்கு ரெயினே இல்லை அண்ணா. இந்த வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். நீங்களும் அப்படி ஆகிவிடுவீர்களோ என்ற பயத்தில்தான் உங்களுக்கு எழுதுவதற்கே கை வரவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்தக் கேள்வியை எழுதியபோது எனக்குப் பெருமையாக இருந்தது. இந்த அளவுக்கு ஆழமாக யாரும் கேட்டதில்லை என்று மேலிடத்தில் புகழ்ந்தார்கள். உங்கள் வாயிலிருந்து சிரித்துக்கொண்டு கேட்டதை எடுத்து விற்றேன் என்று அப்போது தோன்றவில்லை. இப்போது ஒவ்வொரு நாளும் தோன்றுகிறது.

உங்கள் பதில் பொய் என்று தெரிந்தும் "சரி" என்று குறித்து மேலே அனுப்பினேன். பொய் என்று சொன்னால் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள், உங்கள் கணக்கு முடித்துத் தரும் காசையும் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் ஏப்ரலில் மணி மாறும் அண்ணா. முதுகு முறிந்து கிடக்கிறவர்களுடைய காசு அது. என்னைத் திட்டுங்கள், சிவகௌரிக்கு உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

போன் எடுத்துக் கதைக்கட்டுமா?

தாட்சா


மார்ஸ்டன் பார்க்,
15 மார்ச் 2026

தாட்சாவுக்கு,

எனக்குப் போன் எடுக்காதே. குரல் கேட்டால் நான் என்ன சொல்வேனோ தெரியாது. இப்போது போன் நிறுத்தித்தான் இருக்கிறது, காரணம் கீழே.

வாசுவின் கதை வாசித்து ராஜி அழுதாள். என் வேலைக்கு அழாதவள், வாசுவுக்கு அழுதாள். நானும் அன்று சாப்பிடவில்லை.

குழு முன்னால் சாட்சி சொன்னேன். கேள்விகளை எழுதியது யார் என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். உனக்காகச் சொன்ன பொய் அது, கணக்கில் வைத்துக்கொள். என் பேச்சில் ஒரு துண்டை வெட்டி எடுத்துச் செனட்டரின் ஆட்கள் எங்கும் பரப்பினார்கள். "என் வேலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்" என்று நான் சொல்கிற துண்டு. அதற்குக் கீழே ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறார்கள். அந்த வேலையை நான் யாரிடமிருந்து எடுத்தேன் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. பிறகு போனில் வசவு வரத் தொடங்கியது. போன திங்கள் காலை கராஜ் கதவில் பெயின்ற் அடித்திருந்தது. என்ன எழுதியிருந்தது என்று எழுதமாட்டேன். பிள்ளை பள்ளிக்கூடம் போகமுன் நானும் ராஜியும் தேய்த்தோம். முழுவதும் போகவில்லை.

செனட்டரின் அலுவலகத்துக்குச் சொன்னேன். மனவருத்தம் தெரிவித்தார்கள். அவருடைய ஆள் ஒருவன் தேநீர் வாங்கித் தந்து, கொழும்புக்குப் போகிற வேலையில் ஏதாவது பிழை வர வாய்ப்பு உண்டா என்று கேட்டான். "ஏப்ரலில் பாருங்கள்" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. உடனே முன்னுக்குச் சரிந்து, எத்தனை பேருக்குக் காசு வராமல் போகும் என்று கேட்டான். சட்டத்துக்கான வாக்கெடுப்பு ஏப்ரல் கடைசியில். அவன் கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. எண்ணிக்கை கூடினால் நல்லது என்பது போலக் கேட்டான்.

ஆனாலும் சொல்லமாட்டேன். இத்தனை வருடம் நான் எழும்பியது ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு ஞாயிறு நான் எழும்பாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியட்டும்.

அருந்தவன்


மார்ஸ்டன் பார்க்,
2 ஏப்ரல் 2026, வியாழன்

அன்புள்ள தாட்சா,

சுகம். போன கடிதத்தில் "அண்ணா" என்று எழுதாமல் விட்டதற்கு ராஜி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

செவ்வாயோடு என் வேலை முடிந்தது. அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வந்தேன். நேற்றுச் சிவகௌரியிடமிருந்து மின்னஞ்சலில் ஒரு செய்தி. "அங்கிள், சனி இரவு என்ர முதல் தனி ஷிஃப்ட். ஆசீர்வதியுங்கோ." இருபத்துமூன்று வயதுப் பிள்ளை. ஏதாவது பிழை வந்தால் முதலில் அவளைத்தான் வெளியே தள்ளுவார்கள், கம்பனியையோ செனட்டரையோ அல்ல. பொய்யை மனதில் வைத்துக்கொண்டு எப்படி ஆசீர்வதிப்பது?

நிறுத்தியிருந்த போனை அந்த ஒரு அழைப்புக்குத் திறந்து அவளுக்கே எடுத்தேன். "பிள்ளை, எங்கட ஞாயிறு விடியப்புற இரண்டரை இரண்டு தரம் வரும், கொழும்பிலை அது சனி இரவு ஒன்பதும் பத்தும். முதல் தரம் உமக்கு முந்தின ஷிஃப்டிலை ஓடி முடிஞ்சிடும், அதைத் தொடாதையும். இரண்டாந்தரம் உம்மடை நேரத்திலை வரும், அதை நிப்பாட்டும். ஒருத்தருக்கும் சொல்லாதையும், சொன்னால் எனக்குக் கரைச்சல்" என்றேன். "ஓம் அங்கிள்" என்றாள்.

செனட்டரின் அந்த ஆளுக்கு ஏப்ரலில் பார்க்க ஒன்றும் இருக்காது. மனம் லேசாகிவிட்டது. ஈஸ்டர் முடிய நானே மெல்பேர்ன் வந்து, வாசுவோடு அந்தக் காருக்குள் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
அண்ணா


கேரம் டவுன்ஸ்,
2 ஏப்ரல் 2026, வியாழன்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் சுகத்துக்கு இன்று கோயிலில் அருச்சனை செய்தேன். உங்களுக்குப் போன் எடுத்துப் பார்த்தேன், அண்ணிக்கும் எடுத்தேன், இரண்டும் நிறுத்தியே இருக்கிறது. நாளை பெரிய வெள்ளி, தபால் இனிச் செவ்வாய்தான். இந்தக் கடிதம் கிடைக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

நீங்கள் சொல்லமாட்டீர்கள் என்று எழுதியதால் நானே சொல்லிவிட்டேன். மேலிடத்துக்கு அல்ல, உங்கள் பெயர் எங்கும் வராது. வேலை மாற்றக் கூட்டங்களில் எனக்குப் பழக்கமான பின்னேரக் குழுப் பொறுப்பாளர் பிரதீப்குமாரைத் தனியே கூப்பிட்டேன். "தம்பி, முதல் இரண்டரை உங்கட ஷிஃப்டிலை வரும், அதை ஓடவிடாமல் நிப்பாட்டுங்கோ. அடுத்தது தானா ஓடும். இதை எங்கையும் எழுதி வைக்காதேங்கோ, ராத்திரி ஷிஃப்ட் ஆக்களுக்கும் சொல்லவேண்டாம்" என்றேன். "சரி அக்கா" என்றான்.

அன்று சாப்பாட்டு மேசையில் நீங்கள் எந்தத் தரத்தை நிறுத்துவதாகச் சொன்னீர்கள் என்று ஞாபகம் இல்லை. எதை நிறுத்தினால் என்ன, ஒன்று ஓடினால் போதும்தானே.

நிம்மதியாகப் படுங்கள் அண்ணா. மணி மாறும் ஞாயிறு ஒன்றிலாவது நீங்கள் முழு நித்திரை கொள்ளவேண்டும்.

அன்புத் தங்கை,
தாட்சா


கேரம் டவுன்ஸ்,
14 ஏப்ரல் 2026

அண்ணா,

இன்று வருடப் பிறப்பு. உங்களோடு எந்த வகையிலும் தொடர்பு வைக்கவேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் போன செவ்வாய் வந்தது. என்னுடையதும் அன்றுதான் உங்களுக்கு வந்திருக்கும். அதற்குள் செய்தியில் வந்துவிட்டது. பிரதீப்குமார் முதல் இரண்டரையை நிறுத்தினான். சிவகௌரி இரண்டாவதை நிறுத்தினாள். ஒன்றுமே ஓடவில்லை. ஒருவருக்கும் காசு போகவில்லை, நீண்ட விடுமுறை என்பதால் திங்கள் இரவுவரை ஒருவரும் கவனிக்கவும் இல்லை. வாடகைக்குக் காசில்லாமல் காருக்குள் படுத்த ஒருவரைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். முதுகுப் பட்டி கட்டியிருந்தார். வாசு எழுந்து போய் அதை நிறுத்தினார்.

பெரியவர்கள் சொன்னதைப் பிள்ளைகள் இருவரும் அப்படியே செய்தார்கள். ஏன் என்றும் கேட்கவில்லை, மற்றவரிடம் சொல்லவும் இல்லை. சொல்லாதே என்றல்லவா சொல்லி வைத்தோம். இருவரையும் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். என்னையும்.

இதை ஒரு தவறு என்று யாரும் நம்பவில்லை. வெளியே அண்ணன், உள்ளே தங்கை, கொழும்பில் இருவர், நால்வரும் ஒரே மொழி என்று செனட்டர் பேசுகிறார். சட்டம் சுலபமாக நிறைவேறிவிடுமாம். அதோடு எங்களைப் போன்றவர்களை எந்த எந்த வேலையில் வைத்திருக்கலாம் என்று ஆராய இன்னொரு குழுவும் வேண்டும் என்கிறார். அதற்கும் கைதட்டுகிறார்கள்.

நேற்று விசாரணை அதிகாரிகள் என்னைக் கேட்டார்கள். எட்டு மாதமாக உங்கள் இருவருக்கும் இடையில் கதைத்ததாகப் போனில் ஒன்றும் இல்லை, மின்னஞ்சல் ஒன்றும் இல்லை, ஏன்? சண்டை பிடிக்காமல் இருப்பதற்காகக் கடிதம் எழுதினோம் என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு எழுதிக்கொண்டார்கள். எல்லாக் கடிதங்களையும் ஒப்படைக்க வேண்டும். மொழிபெயர்க்க ஆள் வைத்தாயிற்றாம். இதையும் யாரோ வாசிப்பார்கள். வாசிக்கிற ஐயாவுக்கோ அம்மாவுக்கோ சொல்கிறேன், இதில் மறைபொருள் ஒன்றும் இல்லை. தைலம் என்று எழுதியது தைலம்தான்.

அண்ணா, நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றத்தான் சொல்லாமல் செய்தோம். ஒருவருக்கொருவர் சொல்லியிருந்தால் போதும்.

காலையில் வாசு வழமைபோலச் சேர்ட் போட்டார். வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தார். எங்கள் வீட்டுக்கு முன்னால் இரண்டு நாளாக ஒரு வான் வண்டி நிற்கிறது. யாருடையது என்று தெரியவில்லை. உங்கள் வீட்டுக்கு முன்னாலும் நிற்கிறதா?

வாசு சுகமில்லை. நானும் சுகமில்லை. நீங்கள் எப்படி? இந்தமுறை உள்ளதை எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
தாட்சா